குறைந்த விலை ஸ்பீக்கர்: வாட்டை விடுங்கள், குரலைக் கேளுங்கள்

சென்னை ரிச்சி தெருவில் ஒரு ஸ்பீக்கர் கடை முன்னால் கொஞ்ச நேரம் நின்றாலே தெரியும், வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை வாட்?" என்பதுதான். அதற்கான பதில் அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும்: 2,000 வாட், 5,000 வாட். பக்கத்தில் சின்னதாக பி.எம்.பி.ஓ. என்று போட்டிருப்பார்கள். அந்தப் பெட்டியைத் திறந்து அடாப்டரைக் கையில் எடுத்து, அதன் முதுகில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். 'அவுட்புட் 12 வோல்ட், 1.5 ஆம்பியர்' என்று இருந்தால் இரண்டையும் பெருக்குங்கள். 18 வருகிறது. அந்த ஸ்பீக்கருக்குள் தொடர்ந்து போகக்கூடிய சக்தியே மொத்தம் 18 வாட்தான். உள்ளே போகாதது வெளியே வர வழியில்லை.

பி.எம்.பி.ஓ. என்ற அளவுக்குப் பொதுவான தர வரையறை எதுவும் கிடையாது. கண் சிமிட்டும் நேரத்துக்குள் ஒரு சர்க்யூட் உச்சத்தில் எவ்வளவு தள்ளக்கூடும் என்பதை, ஒவ்வொரு கம்பெனியும் தனக்குப் பிடித்த விதத்தில் கணக்குப் போட்டு எழுதுகிற எண் அது. நாம் பார்க்க வேண்டியது ஆர்.எம்.எஸ். என்று குறிப்பிடப்படும் தொடர்ச்சியான வாட். அதுவும் போடவில்லை என்றால் அடாப்டர் கணக்கு போதும். நேராக வீட்டு மின்சாரத்தில் செருகும் மாடல் என்றால் பின்பக்கத் தகட்டில் 'பவர் கன்சம்ப்ஷன்' இருக்கும். கம்ப்யூட்டரின் யூ.எஸ்.பி. போர்ட்டிலிருந்தே ஓடும் ஸ்பீக்கர் என்றால் கணக்கு இன்னும் சுலபம். பழைய 2.0 போர்ட் விதிப்படி தருவது 5 வோல்ட்டில் அரை ஆம்பியர், அதாவது 2.5 வாட். 3.0 போர்ட் 4.5 வாட். சிங்கப்பூர் கம்பெனியான கிரியேட்டிவின் 'பெபிள்' என்ற சின்ன உருண்டை ஸ்பீக்கர் ஜோடிக்கு ஆர்.எம்.எஸ். 4.4 வாட் என்றுதான் போட்டிருக்கிறார்கள். பார்க்கக் குறைவாகத் தெரியும். ஆனால் அது யூ.எஸ்.பி. 3.0 கணக்குக்குள் அடங்கும் நேர்மையான எண்.

சரி, 4 வாட்டில் என்ன கேட்க முடியும்? மேஜை முன் உட்கார்ந்து கேட்பவருக்குத் தாராளமாகவே கேட்கும். வாட் இரட்டிப்பானால் சத்தம் கூடுவது வெறும் 3 டெசிபல், காதுக்கு லேசாகத்தான் தெரியும். 'இரண்டு மடங்கு சத்தம்' என்று காது ஒப்புக்கொள்ளச் சுமார் 10 டெசிபல் வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட் வேண்டும். தூரம் இதைவிடப் பெரிய விஷயம். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் போய்விடும். மேஜையில் 60 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும் ஸ்பீக்கரை 2.4 மீட்டர் தள்ளி ஹாலில் வைத்தால் 12 டெசிபல் இழப்பு. அதை ஈடுகட்டப் பதினாறு மடங்கு சக்தி வேண்டும், 4 வாட் செய்த வேலைக்கு 64 வாட். அறைச் சுவர்கள் கொஞ்சத்தைத் திருப்பித் தருவதால் நிஜத்தில் நிலைமை இவ்வளவு மோசமாக இருக்காது. ஆனாலும் கணக்கின் போக்கு இதுதான். அதனால் வாட்டுக்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது, எங்கே உட்கார்ந்து, எவ்வளவு தூரத்திலிருந்து கேட்கப் போகிறோம் என்பது.

இதற்கு அடுத்ததுதான் விஷயத்தின் மையம்: பெட்டியின் அளவு. ஸ்பீக்கர் துறையில் ஹாஃப்மன் விதி என்று ஒன்று உண்டு. அமெரிக்காவில் 1957-இல் தொடங்கிய கே.எல்.எச். கம்பெனியின் பெயரில் இருக்கும் 'எச்', ஜோசஃப் ஆன்டன் ஹாஃப்மன். அவர் பெயரில் வழங்கும் விதி இது: ஆழமான பேஸ், சின்னப் பெட்டி, குறைந்த சக்தியில் நிறைய சத்தம் ஆகிய மூன்றில் இரண்டைத்தான் எடுத்துக்கொள்ள முடியும். மூன்றாவதை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். காரணம் எளிமையானது. தாழ்ந்த சுருதிக்கு அதிகக் காற்றைத் தள்ள வேண்டும். அதே அளவு சத்தத்துக்கு, அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும் கோன் (ஸ்பீக்கரின் முன்னால் அதிரும் கூம்பு) நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் போய்வர வேண்டும். 200 ஹெர்ட்ஸிலிருந்து 50-க்கு இறங்கினால் பதினாறு மடங்கு. இரண்டு அங்குலக் கோனால் அவ்வளவு தூரம் அசைய முடியாது. அதன் பரப்பு நான்கு அங்குலக் கோனின் பரப்பில் கால் பங்குதான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

1950-கள் வரை ஆழமான பேஸ் வேண்டுமென்றால் அலமாரி அளவுக்குப் பெட்டி வேண்டியிருந்தது. 1954-இல் எட்கர் வில்ச்சர் என்ற அமெரிக்கர், பெட்டியைக் காற்றுப் புகாமல் மூடி, உள்ளே அடைபட்ட காற்றையே ஸ்பிரிங்காகப் பயன்படுத்தி ஏ.ஆர்.-1 என்ற ஸ்பீக்கரைக் கொண்டுவந்தார். சின்னப் பெட்டியில் ஆழமான பேஸ் வந்தது. ஆனால் அதற்குச் சக்திவாய்ந்த ஆம்ப்ளிஃபையர் தேவைப்பட்டது. மூன்றாவதை, அதாவது குறைந்த சக்தியில் சத்தம் என்பதை, அவர் விட்டுக்கொடுத்தார். இன்று உள்ளங்கை அளவு புளூடூத் ஸ்பீக்கரிலிருந்து அந்த அளவுக்கு பேஸ் வருவதும் இதே பேரத்தில்தான். மின்சாரத்தை வீணாக்காத கிளாஸ் டி ஆம்ப்ளிஃபையரும் லித்தியம் பேட்டரியும் மலிவானதால், சக்தியைச் செலவழித்துப் பெட்டியைச் சுருக்க முடிகிறது.

எல்லாரும் சக்தியையே விட்டுக்கொடுக்கவில்லை. பேஸையே விட்டுக்கொடுத்தவர்களும் உண்டு, அவர்கள் கதைதான் நமக்கு முக்கியம். 1970-களில் பி.பி.சி.யின் பொறியாளர்களுக்கு, வெளி ஒலிபரப்பு வேனுக்குள் வைத்துக் கேட்க ஒரு மானிட்டர் ஸ்பீக்கர், அதாவது ஒலியைச் சரிபார்க்கும் ஸ்பீக்கர், தேவைப்பட்டது. வேனில் இடம் கிடையாது. சுமார் 30 சென்டிமீட்டர் உயரமுள்ள எல்.எஸ்.3/5ஏ என்ற பெட்டியைச் செய்தார்கள். அதில் ஆழமான பேஸ் இல்லை. குரல் உண்மையாகக் கேட்க வேண்டும் என்பதற்கே அக்கறையெல்லாம் போனது. மைக் முன்னால் பேசும் மனிதரின் குரல் ஸ்பீக்கரில் அப்படியே வருகிறதா என்று ஒப்பிட்டுத்தான் அவர்கள் ஸ்பீக்கர்களைச் சோதித்தார்கள். சுமார் ஐம்பது வருடம் ஆகிவிட்டது, அந்த வடிவத்தை இன்னும் தயாரிக்கிறார்கள், ஆசையாக வாங்கிக் கேட்கிறார்கள். இன்று அது விலை உயர்ந்த பொருள், அதை வாங்கச் சொல்லவில்லை. ஆனால் பணம் குறைவாக இருக்கும்போது எதை முதலில் விட வேண்டும், எதை விடவே கூடாது என்பதற்கு இதைவிட நல்ல முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை.

நம் சந்தையில் மலிவு விலை ஸ்பீக்கர்கள் இதற்கு நேர் எதிராகப் போகின்றன. பேஸ் இருப்பதாகக் காட்ட வேண்டும் என்பதற்காக எல்லாவற்றையும் பலி கொடுக்கின்றன. கீழே ஒரு மரப்பெட்டி, மேலே இரண்டு சின்னப் பெட்டிகள் என்று வரும் 2.1 செட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். மரப்பெட்டியில் ஒரு துளை இருக்கும். அந்தத் துளையும் பெட்டியும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் பலமாக ஒலிக்கும். துளை வைப்பதில் தவறில்லை, நல்ல ஸ்பீக்கர்களிலும் உண்டு. ஆனால் மலிவுப் பெட்டியில் அந்த ஒரே அதிர்வெண்ணைத் தூக்கி வைத்துவிடுகிறார்கள். எந்தப் பாட்டு போட்டாலும், பேஸ் கிட்டார் எந்த ஸ்வரத்துக்கு ஏறினாலும் இறங்கினாலும், அதே 'தும் தும்'.

இதைப் பிடிக்க மிருதங்கத்தைவிட நல்ல சோதனை இல்லை என்பது என் கருத்து. இடது பக்கமான தொப்பியில் கும்கி என்ற அழுத்தி இழுக்கும் அடியை வாசிக்கும்போது அந்த நாதம் ஒரே இடத்தில் நிற்காது, வழுக்கிக்கொண்டு மேலே ஏறும். நல்ல ஸ்பீக்கரில் அந்த வழுக்கலைக் காதால் பின்தொடரலாம். சின்ன ஸ்பீக்கராக இருந்தால் ஆழம் குறைவாக இருக்கும், ஆனால் வழுக்கல் கேட்கும். ஒரே அதிர்வெண்ணில் முட்டிக்கொண்டு நிற்கும் பெட்டியில் கும்கி வெறும் ஒரு அடியாகிவிடும். அதேபோல வலது பக்கமான வலந்தலை. அந்தக் கறுப்புக் கரணை இருப்பதால்தான் மிருதங்கத்தின் மேல்சுரங்கள் (அடிப்படை ஒலியோடு சேர்ந்து எழும் உயர் ஒலிகள்) ஒழுங்கான விகிதத்தில் அமைந்து, ஒரு தோல் கருவிக்குத் தெளிவான சுருதி கிடைக்கிறது. சி.வி. ராமன் 1934-இல் இந்திய மேளங்களைப் பற்றி எழுதிய கட்டுரையில் இதை விளக்கியிருக்கிறார். அந்த மேல்சுரங்கள் நடுத்தர அதிர்வெண்களில் வருகின்றன. 2.1 செட்டில் மரப்பெட்டி விடும் இடத்துக்கும் சின்னப் பெட்டிகள் தொடங்கும் இடத்துக்கும் நடுவில் பள்ளம் விழுந்திருந்தால், சாப்பு விழும்போது சுருதி கேட்காது, 'டக்' மட்டும் கேட்கும்.

கச்சேரி கேட்கும் பழக்கம் இல்லாதவர்களுக்கு இன்னும் எளிய சோதனை உண்டு. ஒரு ஆண் செய்தி வாசிப்பதைப் போட்டுக் கேளுங்கள். ஆண் குரலின் அடிப்படை அதிர்வெண் சுமார் 85-இலிருந்து 180 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும். மெய்யெழுத்துகளைப் பிரித்தறிய உதவும் ஒலிகள் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கும். குடத்துக்குள்ளிருந்து பேசுவது போலக் கேட்டால் கீழ்ப்பகுதி வீங்கியிருக்கிறது. சகரமும் ஸகரமும் காதைக் குத்தினால் மேற்பகுதியைத் தூக்கி வைத்திருக்கிறார்கள். இரண்டும் இல்லாமல் ஒரு மனிதர் எதிரில் உட்கார்ந்து பேசுவது போலக் கேட்டால், அந்த ஸ்பீக்கரில் பாட்டும் நன்றாகத்தான் இருக்கும். நம் காது குரலுக்குத்தான் மிக நன்றாகப் பழகியது. டிரம்ஸில் ஏமாறும், குரலில் சட்டென்று ஏமாறாது.

பெட்டியில் '20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை' என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். பக்கத்தில் 'கூட்டல் கழித்தல் 3 டெசிபல்' போல ஒரு வரம்பு இல்லாவிட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தம் கிடையாது. இரண்டு அங்குல ஸ்பீக்கரும் 20 ஹெர்ட்ஸில் அசையத்தான் செய்யும், நமக்குக் கேட்காது, அவ்வளவுதான்.

மேஜைக்கு என்று வாங்குகிறவர்களுக்கு என் பரிந்துரை: அதே காசுக்கு 2.1 செட்டும், தனி மரப்பெட்டி இல்லாத இரண்டு ஸ்பீக்கர் ஜோடியும் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு ஜோடியை எடுங்கள். இன்னும் கொஞ்சம் செலவழிக்க முடிந்தால், தாழ்ந்த ஒலிக்கு வூஃபரும் உயர்ந்த ஒலிக்கு ட்வீட்டரும் தனித்தனியாக உள்ள புக்ஷெல்ஃப் வகைக்குப் போங்கள். ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே இருக்கும். எடிஃபையர் ஆர் 1280 டி இந்த வகைக்கு நன்கு தெரிந்த உதாரணம்: நான்கு அங்குல வூஃபர், 13 மில்லிமீட்டர் ட்வீட்டர், இரண்டு ஸ்பீக்கருக்கும் சேர்த்து 42 வாட் ஆர்.எம்.எஸ். மேஜைக்கு இது தாராளம், சின்ன அறைக்கும் போதும்.

வாங்கிய பிறகு காசில்லாமல் செய்யக்கூடிய முன்னேற்றம் நிறைய இருக்கிறது, பெரும்பாலானவர்கள் அதைச் செய்வதே இல்லை. ஸ்பீக்கரைச் சுவரோடு ஒட்டியோ மூலையிலோ வைத்தால் பேஸ் கூடும். குட்டி ஸ்பீக்கருக்கு அது உதவி, பெரிய பெட்டிக்கு அது உபத்திரவம். இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் உள்ள தூரமும், ஒவ்வொன்றிலிருந்தும் உங்கள் தலைக்கு உள்ள தூரமும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கட்டும். ட்வீட்டர் காது உயரத்தை நோக்கட்டும். மேஜையில் தட்டையாக வைத்தால் ஒலி உங்கள் வயிற்றை நோக்கித்தான் போகும். மேஜைப் பலகையில் பட்டுத் திரும்பும் ஒலியும் சேர்ந்து குரலைக் குழப்பும். முன் விளிம்புக்கு அடியில் ஒரு புத்தகத்தைச் செருகி மேல்நோக்கிச் சாய்த்தாலே வித்தியாசம் உடனே தெரியும். பெபிளில் ஸ்பீக்கரை 45 டிகிரி சாய்த்தே வடிவமைத்திருப்பது இதற்காகத்தான்.

இன்னொரு தொல்லை 'ஊஊ' என்ற இரைச்சல். லேப்டாப் சார்ஜரைக் கழற்றினால் இரைச்சல் நின்றுவிடுகிறதா என்று பாருங்கள். நின்றால் ஸ்பீக்கரில் கோளாறு இல்லை, கிரவுண்ட் லூப். யூ.எஸ்.பி.யிலிருந்து கரண்ட், அதே லேப்டாப்பிலிருந்து ஆக்ஸ் ஒயரில் ஒலி என்று இரண்டு வழி இணைப்பு இருக்கும்போது இது அடிக்கடி வரும். ஸ்பீக்கருக்குக் கரண்டைத் தனியாக ஒரு மொபைல் சார்ஜரிலிருந்து கொடுத்துப் பாருங்கள். போகவில்லை என்றால் ஆக்ஸ் ஒயரில் மாட்டும் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் கடையில் கிடைக்கும், விலை அதிகமில்லை. புளூடூத்தில் இணைத்தாலும் இந்த இரைச்சல் வராது.

அப்புறம், கையோடு எடுத்துப் போகும் ஸ்பீக்கர். உருளை வடிவ ஸ்பீக்கரின் இரு முனைகளிலும் பாட்டுக்கேற்ப அதிரும் வட்டத் தகடுகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் ஒயரும் இல்லை, மேக்னெட்டும் இல்லை. பாஸிவ் ரேடியேட்டர் என்று பெயர். உள்ளே இருக்கும் ஸ்பீக்கர் தள்ளும் காற்றில் அவை தாமாக அதிர்ந்து பேஸைக் கூட்டுகின்றன. ஆர்.சி.ஏ. கம்பெனியின் ஹாரி ஓல்சன் 1935-இலேயே இதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். இவ்வளவு சின்னப் பெட்டியில் துளையும் குழாயும் வைத்து அதே பேஸை எடுக்க வேண்டுமென்றால் குழாய் பெட்டியைவிட நீளமாகிவிடும். அதனால்தான் பழைய உத்தி புளூடூத் காலத்தில் மறுபடியும் வந்தது.

மூளையின் ஒரு பழக்கத்தையும் இந்த ஸ்பீக்கர்கள் பயன்படுத்திக்கொள்கின்றன. 100 ஹெர்ட்ஸ் ஒலி இல்லாமல் அதன் மடங்குகளான 200, 300, 400 மட்டும் காதில் விழுந்தாலும், மூளை 100-ஐத் தானே நிரப்பிக்கொள்ளும். ஃபோனின் குட்டி ஸ்பீக்கரில் ஆண் குரல் ஆண் குரலாகவே கேட்பது இதனால்தான். சில ஸ்பீக்கர்களின் சிப் இந்த மடங்குகளை வேண்டுமென்றே கூட்டித் தருகிறது. இதைக் குறையாக நான் நினைக்கவில்லை, சாமர்த்தியமான வேலை. ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு. கடையில் பாதி வால்யூமில் கேட்டுவிட்டு மெல்ல முழு வால்யூமுக்குக் கொண்டுபோங்கள். ஒரு கட்டத்துக்கு மேல் பேஸ் மெலிந்து, குரல் மட்டும் கத்த ஆரம்பிக்கும். கோன் கிழிந்துவிடாமல் இருக்க சிப் பேஸைக் குறைக்கிறது. நீங்கள் வழக்கமாகக் கேட்கும் வால்யூம் அந்தக் கட்டத்துக்குக் கீழே இருந்தால் அந்த ஸ்பீக்கர் உங்களுக்குப் போதும். மேலே இருந்தால் ஒரு அளவு பெரியதைத்தான் வாங்க வேண்டும்.

ஒரே டப்பாவில் 'ஸ்டீரியோ' என்று போட்டிருப்பதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். ஒரு சாண் இடைவெளியில் இருக்கும் இரண்டு ஸ்பீக்கர்களை மூன்றடி தள்ளிக் கேட்டால் இடதும் வலதும் ஒன்றாகத்தான் வந்து சேரும். உண்மையான ஸ்டீரியோ வேண்டுமென்றால் ஜோடி சேரும் இரண்டு ஸ்பீக்கர் வேண்டும். வாங்கும் முன் இரண்டு மாடலும் ஒன்றோடொன்று ஜோடி சேருமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே கம்பெனியின் பழைய மாடலும் புதிய மாடலும்கூடச் சில நேரம் சேராது.

பேட்டரி நேரம் பொதுவாக நடுத்தர வால்யூமுக்குச் சொல்லப்படுவது. மேலே பார்த்த 10 டெசிபல் கணக்கு இங்கேயும் ஓடும், வால்யூமை ஏற்றினால் மணி நேரம் மளமளவென்று குறையும். ஜே.பி.எல். கோ 3 போன்ற உள்ளங்கை ஸ்பீக்கருக்குக் கம்பெனியே சொல்வது 4.2 வாட், 5 மணி நேரம். குளியலறைக்கும் சமையலறைக்கும் இது சரி. மொட்டை மாடியில் பத்துப் பேர் கூடும் இடத்துக்குப் போதாது.

அதே மாடலில் ஐ.பி. 67 என்றும் போட்டிருக்கும். 6 என்றால் தூசி உள்ளே புகாது. 7 என்றால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும். ஐ.பி.எக்ஸ். 7 என்று எக்ஸ் வந்தால் தூசிச் சோதனை பற்றி எதுவும் சொல்லவில்லை என்று பொருள். இந்தச் சோதனை நல்ல தண்ணீரில் செய்வது. கடற்கரைக்கு எடுத்துப் போனால் திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, சார்ஜ் போடும் துளை நன்றாகக் காய்ந்த பிறகே ஒயரைச் செருகுங்கள்.

ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறையான புளூடூத் கோடெக் பற்றிக் கவலைப்பட வேண்டாம். எஸ்.பி.சி. எல்லாவற்றிலும் இருக்கும், ஏ.ஏ.சி. பலவற்றில் இருக்கும். இந்த விலையில் கோடெக் தரும் வித்தியாசத்தைவிடப் பெட்டியும் கோனும் தரும் வித்தியாசம் பல மடங்கு. தாமதம்தான் பிரச்சினை: ஒலி நொடியில் பத்தில் ஒரு பங்கோ இரண்டு பங்கோ பிந்தி வரும். படம் பார்க்கும் ஆப்கள் பெரும்பாலும் அதைச் சரிக்கட்டிவிடும். கேம் ஆடுபவர்களும் கீபோர்டு வாசிப்பவர்களும் ஒயரையே நம்ப வேண்டும்.

கடையில் கேட்டுப் பார்க்கும்போது இரண்டு விஷயங்கள் நம்மை ஏமாற்றும். ஒன்று, சத்தம். இரண்டு ஸ்பீக்கரில் எது கொஞ்சம் கூடுதல் சத்தமாக ஓடுகிறதோ அதுதான் நன்றாக இருப்பதாகத் தோன்றும். ஒவ்வொன்றாகப் போட்டு, குரல் ஒரே அளவில் கேட்கும்படி வால்யூமை நீங்களே சரிசெய்து ஒப்பிடுங்கள். மற்றது, கண். கனடாவின் தேசிய ஆராய்ச்சி கவுன்சிலில் ஸ்பீக்கர் கேட்கும் சோதனைகளைப் பல வருடம் நடத்திய ஃப்ளாய்ட் டூல், பிறகு ஸ்பீக்கர் தயாரிக்கும் ஹார்மன் கம்பெனியில் ஷான் ஆலிவுடன் சேர்ந்து ஒரு சோதனை செய்து 1994-இல் வெளியிட்டார். கேட்டவர்கள் அந்தக் கம்பெனியின் ஊழியர்கள். திரைக்குப் பின்னால் வைத்துக் கேட்டபோது, பிளாஸ்டிக்கில் செய்த மலிவான சின்ன செட் ஒன்று பெரிய ஸ்பீக்கர்களுக்கு நடுவில் நல்ல மதிப்பெண் வாங்கியது. திரையை எடுத்து, என்ன ஓடுகிறது என்று தெரிந்ததும் அதன் மதிப்பெண் இறங்கியது. ஒலி மாறவில்லை. ஸ்பீக்கர் கம்பெனி ஊழியர்களுக்கே இந்த நிலை என்றால், கடையில் நீல விளக்கு மின்னும் ஸ்பீக்கர் முன்னால் நிற்கும் நமக்குக் கேட்கவே வேண்டாம். கூட வந்தவரை மாற்றி மாற்றிப் போடச் சொல்லி, திரும்பி நின்று கேளுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை, நம் காசு.

கடைசியாக, பழைய வீட்டு ஸ்டீரியோவின் மரப்பெட்டி ஸ்பீக்கர்கள் வீட்டுப் பரணில் கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள். கோனைச் சுற்றியுள்ள வளையத்தை விரலால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். ஸ்பாஞ்ச் வளையம் என்றால் வருடக் கணக்கில் ஈரக்காற்று பட்டுப் பொடிந்திருக்க வாய்ப்பு அதிகம். ரப்பரோ துணியோ என்றால் பெரும்பாலும் நன்றாக இருக்கும். டி.பி.ஏ. 3116 என்ற சிப் வைத்த சின்ன ஆம்ப்ளிஃபையர் போர்டு எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது. 4.5-இலிருந்து 26 வோல்ட் வரை எதிலும் அந்தச் சிப் ஓடும். பழைய லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டரைக் கொடுத்தால் 8 ஓம் ஸ்பீக்கருக்கு ஒவ்வொரு பக்கமும் சுமார் 20 வாட் கிடைக்கும், இது உண்மையான வாட். புதிதாக அதே காசுக்கு வரும் எந்த 2.1 செட்டைவிடவும் குரல் இதில் நன்றாக இருக்கும் என்று தயங்காமல் சொல்வேன். போர்டில் இணைக்கும் முன் அடாப்டரின் பிளஸ், மைனஸ் சரியாக இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மாறிவிட்டால் சிப் போய்விடும்.